வெளியே நின்று பர்மா பார்த்தவர்

பிள்ளைகளே,

நீங்கள் பள்ளிக்கூடத்தால் மியூசியம் போய்விட்டு வந்தாலும் சரி, சிநேகிதர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தாலும் சரி, காரில் ஏறி பெல்ற் போட முதலே நான் கேட்பது ஒன்றுதான். "உள்ளுக்கு என்ன கண்டனீங்கள்?" மகள், நீ கண்ணை உருட்டுவாய். மகன், நீ "இட் வோஸ் ஃபைன், அப்பா" என்று சொல்லிவிட்டு ரெலிபோனுக்குள் போய்விடுவாய். அப்பா பொலிஸ்காரன் மாதிரி விசாரிக்கிறார் என்று அம்மாவிடம் முறைப்பாடும் செய்திருக்கிறீர்கள்.

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. ஒரு மனிதரிடமிருந்து எனக்குத் தொற்றியது. அவரைப் பற்றி உங்களுக்கு எழுதிவைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டால் வெட்கப்படுகிற ஆள் அவர்.

மகள், நீ கின்டர்கார்டனிலும் அண்ணா மூன்றாம் வகுப்பிலும் இருந்த காலம் அது. விட்பியில் இருக்கிற பெரியம்மாவும் பெரியப்பாவும் வியட்நாமும் பர்மாவும் பார்க்க ஒரு சுற்றுலாக் குழுவில் பெயர் கொடுத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அழைப்பு வந்துவிட்டது. தங்களுடைய இடத்தில் எங்களைப் போகச் சொன்னார்கள். பிள்ளைகளைத் தாங்கள் பார்ப்பதாகவும் சொன்னார்கள். நானும் அம்மாவும் கலியாணம் செய்த நாள் முதலாக நயாகராவுக்கு அங்கால் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. போனோம்.

குழுவில் எல்லாரும் ரொறன்ரோத் தமிழர். முக்கால்வாசிப்பேர் பென்சன் எடுத்தவர்கள். சோடி சோடியாக வந்திருந்தார்கள். இவர் மட்டும் தனிய. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில், எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தவர், கடையில் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். விமானத்தில் எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்து இருக்கை. ஏறி இருந்து கொஞ்ச நேரத்தில் தானாகவே சொன்னார்.

"மனிசியும் நானும் வர எண்டு போன நத்தார்ப் பெருநாளுக்கு முதலே பதிஞ்சது. பங்குனியில அவ கண்ணை மூடீற்றா. மகள் சொன்னவள், அப்பா நீங்கள் மட்டும் எண்டாலும் போட்டு வாங்கோ எண்டு."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீர் எனக்கு ஒரு உதவி செய்யோணும். பர்மாவில மாண்டலே எண்ட இடத்தில ஒரு பெரிய புத்தர். சனம் தங்கத் தாள் வாங்கி அந்தச் சிலையில ஒட்டுமாம். படத்தில பார்த்த நாள் தொடக்கம் அவவுக்கு அந்த ஆசைதான். ஹனோயும் வேண்டாம், ரங்கூனும் வேண்டாம், உதில ஒரு தாள் ஒட்டினாப் போதும் எண்டவ. நீர் அவவுக்காக ஒண்டு ஒட்டிவிடும். பொம்பிளையின்ர கையால ஒட்டினாத்தான் அவ ஒட்டினமாதிரி இருக்கும்."

அம்மா உடனே ஓம் என்றா. நான் கேட்டேன், "ஏனண்ணை, நீங்களே ஒட்டலாமே?"

"நான் உள்ள போறேல்லை, தம்பி" என்றார்.

அதன் விளக்கம் ஹனோயில்தான் தெரிந்தது. முதல் நாள் எங்களைப் பழைய காலத்துக் கல்விக் கோயில் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசல்வரை வந்தார். வாசலில் நின்றுவிட்டார். "போட்டு வாங்கோ, நான் இதில நிக்கிறன்." பெண்களின் கைப்பைகளையும் தொப்பிகளையும் வாங்கித் தோளிலும் கையிலும் கொழுவிக்கொண்டார். நாங்கள் திரும்பி வர அதே இடத்தில், அதே பக்கம் பார்த்தபடி நின்றார். முதலில் வந்தவன் நான். பிடித்துக்கொண்டார்.

"உள்ள என்ன கண்டனீர்?"

"ஆமை, அண்ணை."

"உயிரோடயோ?"

"இல்லை, கல்லு ஆமை. வரிசையா. ஒவ்வொண்டின்ர முதுகிலயும் ஒரு பெரிய கல்லு. சோதினை பாஸ் பண்ணின ஆக்களின்ர பெயர் வெட்டிக் கிடக்கு."

"ஆமையின்ர முகம் எப்பிடி? பாரம் தூக்கிற முகமோ, சும்மா இருக்கிற முகமோ?"

நான் ஆமையின் முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"சரி. பெயில் விட்ட ஆக்களின்ர பெயர் எங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்தால் தோள்தான் குலுங்கும், சத்தம் வராது.

அன்றுதொட்டு ஒவ்வொரு இடத்திலும் இதே கூத்து. தண்ணீருக்குள் பொம்மை ஆடுகிற அரங்கு ஒன்று ஹனோயில் இருக்கிறது. மேடையே ஒரு குளம். அதற்கும் அவர் வரவில்லை, றோட்டோரம் நின்றார். வெளியே வந்தபோது அம்மாவைக் கேட்டார், ஆட்டுகிற ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று. திரைக்குப் பின்னால் என்றா அம்மா. "தண்ணிக்குள்ளயோ? எவ்வளவு ஆழம்? அவையளுக்குக் குளிராதோ?" அம்மா யோசித்துவிட்டுச் சொன்னா, கடைசியில் திரையை விலத்திக்கொண்டு எல்லாரும் வந்து கும்பிட்டார்கள், இடுப்பளவு தண்ணீர், ஒரு பெண்ணின் உதடு நீலமாக இருந்தது என்று. அவருக்கு அது பெரிய சந்தோசம். "பாத்தீரோ, அதுதான் சங்கதி" என்றார். அதே அரங்கில்தான் நானும் இருந்தேன். ரெலிபோனில் வீடியோ எடுத்த அவதியில் அந்த உதட்டை நான் காணவில்லை.

மற்றவர்களுக்கு இது பகிடியாகிவிட்டது. எங்கள் குழுவில் வருமானவரி, அதாவது ரக்ஸ், செய்து கொடுக்கிற ஒருவர் இருந்தார், எல்லாரும் ரக்ஸ் அண்ணை என்றுதான் கூப்பிடுவது. வாய் சும்மா இராது. "அண்ணை, உள்ள வராட்டி காசு திருப்பித் தரமாட்டாங்கள், தெரியுமே?" என்பார். கொண்டோக் கட்டடத்தில் செக்கியூரிட்டி வேலை செய்த மனிசன், வாசலில் நின்று பழகிவிட்டது, அதுதான் என்று முதல் இரண்டு நாளும் சொல்லித் திரிந்தார். பிறகு, ஆள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர், பிறசமயக் கோயில்களுக்குள் போகமாட்டார் என்று மாற்றிச் சொன்னார். அடுத்த நாளே எங்களை ஒரு பெரிய கத்தோலிக்கத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. அவர் படிக்கட்டில் குந்தியிருந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரக்ஸ் அண்ணை என்னைப் பார்த்துக் கையை விரித்தார். வெளியே வந்தவர்களிடம் இவர் கேட்டது, "சுவாமி கிழவரோ, பெடியனோ?"

பெரும்பாலான ஆட்கள் "நல்லா இருந்தது, அண்ணை" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அந்தப் பதில் வந்தால் அவருடைய முகம் விழுந்துவிடும். "நல்லா இருந்ததெண்டா நான் என்னத்தைக் காணுறது?" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லுவார்.

ஹோய் ஆன் என்று ஒரு பழைய வியாபாரப் பட்டினம். அங்கே ஒரு வீட்டை ஆட்கள் பார்க்கத் திறந்து வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரில் கோடு கீறிக் கிடந்தது. ஒரு கோடு என் தலைக்கு மேலே. கூரையில் ஒரு கதவு வைத்து, வெள்ளம் வந்தால் தளபாடங்களைக் கயிற்றால் மேலே இழுத்துவிடுவார்களாம். இதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நான் கதவை இரண்டாம் தரமும் போய்ப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் முதலாக, இரண்டு பேருக்காகப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து அவருக்குச் சொன்னேன்.

பிறகு ஆற்றங்கரையில் குந்தியிருந்து சொன்னார். "எனக்குச் சின்னனில இருந்தே கூட்டத்துக்க போனா மூச்சு முட்டும். மடு மாதா கோயிலுக்குப் போனாலும் வெளியதான் நிப்பன். கலியாணம் கட்டின புதிசில அவ ஏசினவ. பேந்து, தானே உள்ள போட்டு வந்து எனக்குச் சொல்லத் தொடங்கீற்றா. தமிழ்க் கடைக்குப் போனாலும் நான் காரில, அவ உள்ள. வந்து ஏறினா, மீன் வெட்டிற பெடியனின்ர கையில புதுப் பிளாஸ்ரர், காசு வாங்கிற பிள்ளை அழுதமாதிரி கிடக்கு, அன்னமுன்னாப் பழம் வந்திருக்கு ஆனா கறுத்துப்போச்சு எண்டு சொல்லிக்கொண்டே வருவா. நானே போய்ப் பாத்திருந்தா எனக்கு அன்னமுன்னா மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், தம்பி."

ஆற்றில் பெடியள் கடதாசி விளக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை அவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பக்கத்தில் நிற்கிற யாரையோ கேட்கப்போகிறவர் மாதிரி அடிக்கடி இடது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

பர்மாவில் கோயில் எதற்குள் போவதென்றாலும் சப்பாத்தும் சொக்ஸும் வாசலோடு. அதனால் அவருக்கு அங்கே வேலை கூடிவிட்டது. எங்கள் எல்லாருடைய சப்பாத்துகளையும் சோடி பிரியாமல் அடுக்கி வைத்துக் காவல் இருப்பார். யார் எந்தக் காலை முதலில் கழற்றுவார்கள் என்பதுகூட அவருக்குப் பாடம். ரங்கூன் பொற்கோயிலில் பிறந்த கிழமைக்கு ஒரு இடம் இருக்கிறது, அங்கே நின்று தண்ணீர் வார்க்க வேண்டும். புதனுக்கு மட்டும் இரண்டு, காலையில் பிறந்தவருக்கு ஒன்று, மத்தியானத்துக்குப் பிறகு பிறந்தவருக்கு ஒன்று. அம்மா புதன். காலையோ மாலையோ தெரியாது. இரண்டு இடத்திலும் வார்த்துவிட்டு வந்ததாக அவரிடம் சொன்னா. "கெட்டிக்காரி, ஒண்டு எப்பிடியும் சேர்ந்திருக்கும்" என்றார்.

மாண்டலேக்குப் போகிற பஸ்ஸில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகாமுனி என்கிற அந்தப் புத்தர் கோயில் எவ்வளவு தூரம், தாள் எங்கே விற்கும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வழிகாட்டிப் பெடியனைத் துளைத்தெடுத்தார். ரக்ஸ் அண்ணை முன் இருக்கையில் இருந்து திரும்பினார்.

"ஊரில ஆமிக்காரங்கள் புத்தர் சிலையோட வந்துதானே அண்ணை எங்கட காணியைப் பிடிக்கிறாங்கள். நீங்கள் இஞ்ச வந்து அவருக்குத் தங்கம் பூசப்போறியளே?"

அவர் கோபிக்கவில்லை. "அவ உதெல்லாம் யோசிச்சுக் கேக்கேல்லைத் தம்பி. மினுங்குது, வடிவா இருக்கெண்டு கேட்டவ. செத்த ஆளோட நான் அரசியல் கதைக்கேலாது" என்றார். ரக்ஸ் அண்ணை முன்னுக்குத் திரும்பிவிட்டார்.

கோயில் வாசலில் அவர் ஒரு சின்னக் கட்டுத் தங்கத் தாள் வாங்கி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவவின் விரல்களை மூடிவிட்டார். அம்மா சேலை முந்தானையால் தலையைக்கூட மூடிக்கொண்டா. நாங்கள் உள்ளே நடந்தோம். அவர் வழமைபோலச் சப்பாத்துகளோடு.

சிலைக்கு முன்னால் ஒரு கம்பி வேலி. அதற்கு முன்னால் பெண்கள் நிலத்தில் இருந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டிப் பெடியன் அம்மாவை மறித்தான். அதற்கு அப்பால் ஆண்கள் மட்டும்தானாம். பெண்கள் சிலையைத் தொட முடியாது. அம்மா அவனோடு இங்கிலீசில் வாதாடிப் பார்த்தா. அவன் பாவம், கையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். சுற்றுலாப் புத்தகத்தின் படத்தில் தங்கம் ஒட்டுகிற கைகள் மட்டும்தான் இருந்தன. அது ஆண்களின் கை என்று மோர்னிங்சைட்டில் இருந்து பார்த்த அவருடைய மனைவி, அந்த அன்ரி, கவனிக்கவில்லை. இவரும் கவனிக்கவில்லை.

நான் ஒட்டிவிடட்டோ என்று கேட்டேன். அம்மா மறுத்துவிட்டா. "இல்லையப்பா, அவரைக் கேக்காமல் செய்யக்கூடாது." இருவரும் திரும்பி வாசலுக்கு வந்தோம்.

எங்களைக் கண்டதும், "உள்ள என்ன..." என்று தொடங்கியவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அம்மா சொன்னா. "எங்களையும் உங்களை மாதிரி வெளிய விட்டிட்டாங்கள், அண்ணை. பொம்பிளையள் கிட்டப் போகேலாதாம்."

அவர் தாள்கட்டை வாங்கி வைத்துக்கொண்டு சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மறுபடியும், நான் போகிறேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

"அப்ப, அவ வந்திருந்தாலும் வெளியதான் நிண்டிருப்பா" என்றார்.

"ஓம், அண்ணை."

"என்னைத்தான் உள்ள போட்டு வா எண்டு கலைச்சிருப்பா."

குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸைக் கழற்றினார். அவருடைய வெறுங்காலை அந்தப் பயணத்திலேயே அன்றுதான் கண்டேன். "தம்பி, நீர் இதில நில்லும்" என்று என்னைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்.

பெண்கள் பார்ப்பதற்கென்று அங்கே ரிவித் திரை வைத்திருக்கிறார்கள். சிலையடியில் நடப்பது அதில் தெரியும். அம்மாவும் மற்றப் பெண்களும் அதற்கு முன்னால் இருந்து பார்த்ததை எனக்குப் பிறகு சொன்னா. ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏற, இவர் நடுவில் சுவாசிக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாராம். ஒருமுறை கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாராம். ரக்ஸ் அண்ணைதான் பின்னால் நின்று, ஒரு கையால் சனத்தைத் தடுத்து, மற்றக் கையால் இவருடைய முதுகைப் பிடித்து ஏற்றினாராம். தாளை வைத்து அழுத்தினவர் கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து தோளில் தட்டும்வரை எடுக்கவில்லை.

வெளியே வந்தார். சேட்டெல்லாம் வியர்வை. வலது சுட்டுவிரலில் தங்கம். பெண்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். சிலை எவ்வளவு பெரியது, கிட்டப் பார்க்க எப்படி, தொட எப்படி இருந்தது என்று ஆளுக்கொரு கேள்வி. இவ்வளவு நாளும் அவர் எங்களைக் கேட்ட கேள்விகள் எல்லாம் அவர்மேல் திரும்பி வந்தன.

அவர் தங்கம் ஒட்டிய விரலைப் பார்த்தார். "கட்டி கட்டியா... எத்தினை பேர் ஒட்டியிருக்கினம்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. எங்களுக்குப் பின்னால், வாசல் பக்கம், யாரையோ தேடினார்.

"நல்லா இருந்தது" என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. தேக்கு மரத்தாலேயே கட்டிய ஒரு மடத்துக்குப் போனோம். வெளியே நின்றார், சப்பாத்துகளைப் பார்த்தார், நாங்கள் வரவும் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தார். ரக்ஸ் அண்ணை பின்னாலேயே ஓடினார். "அண்ணை, உள்ள ஒவ்வொரு கதவிலயும் ஆக்கள் செதுக்கிக் கிடக்கு. ஒரு கதவில ஒருத்திக்குத் தலை இல்லை. கேளுங்கோவன், அண்ணை." இவர் நின்று, மரியாதையாகக் கேட்டு, "நல்லம்" என்றார். காலால் துடுப்பு வலிக்கிற மீன்பிடிகாரரைப் பார்க்க ஏரிக்கும் போனோம். அங்கே உள்ளே வெளியே என்று ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒரே வள்ளத்தில். எப்படி அண்ணை என்று நான் கேட்டேன். "காலால வலிக்கிறான்" என்றார். பஸ்ஸுக்குள் எல்லாரும் அவர் கேட்கமாட்டாரா என்று இருந்தார்கள். ஒருவருக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு இரண்டு மாரிக்காலம் மோர்னிங்சைட்டில் இருந்தார். கடைப் பாக்கிங் லொட்டில், காருக்குள் அவரைக் காணுவேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்குள் அவருக்காகப் போனவர் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தானே இறங்கிப் போவார். பிறகு மகள் கல்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பர்மாவில் சண்டை பெருத்து, அந்தச் சுற்றுலாவையும் நிறுத்திவிட்டார்கள். அவர் கல்கரியிலேயே காலமானதாக மகள் ரெலிபோனில் சொன்னாள். அம்மா அழுதா. உங்களுக்கு அன்றைக்கு ஏன் இடியப்பம் கடையில் வாங்கினோம் என்று தெரிந்திராது.

ஒன்று மட்டும் மிச்சம். அம்மாவுக்கும் நான் சொல்லாதது.

பயணம் முடிந்து வந்த நாள் பியர்சன் விமான நிலையத்தில் இருந்து அவரையும் எங்கள் காரில்தான் கூட்டிவந்தேன். கார்த்திகைக் கடைசி, பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு. அம்மா காரில் நித்திரை. நான் அவருடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்றில் ஏறினேன். கதவடிக்கு வந்ததும் வீட்டுத் திறப்பை எடுத்தார். பூட்டில் போடவில்லை. என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீர் ஒருக்கா முன்னுக்குப் போம். எங்க போட்டு வந்தாலும் அவதான் முதல் உள்ள போறவ. நான் பெட்டியளோட இதில நிப்பன்." கொஞ்சம் பொறுத்து, "போய் உள்ள என்ன இருக்கெண்டு பாத்துச் சொல்லும்" என்றார்.

உள்ளே போனேன். கதவு எனக்குப் பின்னால் பாதி சாத்திக்கொண்டது. ஹீற்றரைக் குறைத்துவிட்டுப் போயிருந்ததால் வீடு விறைத்துக் கிடந்தது. ஒரு லைற்றும் இல்லை. சுவிச்சைத் தேடிப் போட்டேன். அவர் பழக்கிவிட்டபடியே வடிவாகப் பார்த்தேன். மேசைக்கு இரண்டு கதிரை, ஒன்றில் பழைய பேப்பர்கள். யன்னலடியில் ஒரு பூச்சாடி, செடி காய்ந்து தண்டு மட்டும். சோபாவில் மடித்த கம்பளிச் சட்டை. குசினிக் கதவின் பிடியில் ஒரு பெண்ணின் கைப்பை, சிப் பாதி திறந்தபடி.

இதில் எதைப் போய் அவருக்குச் சொல்வேன்?

குசினிக்குள் போனேன். கேத்திலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, சுவிச்சைப் போட்டேன். வெளியே வாசலில் நிற்கிறவருக்கு உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்கிற அளவுக்கு அது இரையும்வரை, அங்கேயே தனிய நின்றேன்.